தொட்டால் தேறும் குறைமாதக் குழந்தை... ஆனால் எப்படித் தொடுவது?

"சட்டையைக் கழட்டிட்டு உட்காருங்க ஐயா."

நர்ஸ் இப்படிச் சொன்னதும் எனக்குத் திகைப்பாகிவிட்டது. முப்பது வருஷமாக மற்றவர்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லியே பழகினவன் நான். "நானா?" என்றேன். "ஆமா, நீங்கதான். பாட்டி சாப்பிட்டு வர்ற வரைக்கும் நீங்க வச்சுக்கணும். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்று வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம் இது. என் மகளுக்கு எட்டாம் மாதத் தொடக்கத்தில் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. கை, கால், முகமெல்லாம் வீக்கம். இனிமேல் காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கருத்தரித்து 31 வாரம். பேத்தியின் எடை 1 கிலோ 350 கிராம். மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மாப்பிள்ளைக்குச் சளி, இருமல் என்று உள்ளேயே விடவில்லை. சம்பந்தியம்மா ஊரிலிருந்து வந்து சேரவில்லை. என் மனைவி காலையிலிருந்து நாலு மணி நேரம் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து ஒரு வாய் சோறு தின்ன வேண்டாமா? அதனால்தான் அந்த அழைப்பு எனக்கு வந்தது.

ஒரு டயப்பர், தலையில் ஒரு குல்லா, காலில் சாக்ஸ். அவ்வளவுதான் உடை. மூக்கில் மெல்லிய குழாய். என் வெற்று மார்பின் மேல் அந்தப் பச்சை உடம்பை நிமிர்த்தி வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார் நர்ஸ். எத்தனையோ ஆயிரம் பேருக்கு நாடி பிடித்த விரல்கள் அன்று நடுங்கின. மூச்சு விடவே பயமாக இருந்தது எனக்கு. ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் மெஷினில் 89, 90, 88 என்று தத்தளித்துக்கொண்டிருந்த எண், கால் மணி நேரத்தில் 94-க்கு வந்து நின்றது. குழந்தை தூங்கிப்போனாள்.

'சித்த வைத்தியருக்கு இன்குபேட்டர் விவகாரத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைமாதக் குழந்தையைப் பிழைக்க வைப்பது பெரிய ஆஸ்பத்திரியின் வேலை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாளே பாட்டிமார் தேடி வருவது எங்களைப் போன்றவர்களைத்தான். "எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டலாமா? உரை மருந்து எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பார்கள். அதற்கு நான் ஒரு காலத்தில் தப்பாகப் பதில் சொன்னவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் புலன் எது?

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை வரிசையாகச் சொல்கிறோம். மெய்தான் முதல். தொல்காப்பியர் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும்போது, தொட்டு உணர்வதைத்தான் முதல் அறிவாக வைத்தார். கர்ப்பத்திலும் அதே வரிசைதான்! கரு உண்டாகி ஏழு, எட்டு வாரத்தில், இரண்டு சென்டிமீட்டர்கூட நீளம் இல்லாத நிலையில், உதட்டைச் சுற்றி லேசாகப் பட்டாலே கரு அசைகிறது. கேட்பதும் பார்ப்பதும் அதற்கு எத்தனையோ வாரம் கழித்துத்தான்.

கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பைக்குள் இடம் நெருக்கமாகிவிடும். குழந்தை காலை நீட்டினால் சுவர் தடுக்கும், கையை வீசினால் சுவர் தடுக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று யாரோ அணைத்துப் பிடித்திருப்பது போல. அம்மா நடந்தால் ஆட்டம், படுத்தால் அமைதி. ராத்திரி பகல் இல்லாமல் ஓயாத தொடுதல் அது.

இப்போது 31 வாரத்தில் வெளியே வந்துவிட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள். காலை நீட்டுகிறது, சுவர் இல்லை. கையை விரிக்கிறது, தடுப்பு இல்லை. திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழிக்கிறது. யாராவது தொட்டால் அது ஊசி குத்துவதற்கு, அல்லது குதிகாலில் ரத்தம் எடுப்பதற்கு, அல்லது பிளாஸ்திரியை உரிப்பதற்கு. எல்லாம் அவசியமானவை. உயிரைக் காப்பாற்றுகிறவை. ஆனாலும் அந்தக் குழந்தைக்குத் தொடுதல் என்றாலே வலி என்று ஆகிவிடுகிறதே!

நான் படித்த காலத்தில், 1990-களில், "கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க, தொடவே கூடாதாம்" என்றுதான் தாய்மார்கள் சொல்வார்கள். கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். கிருமி தொற்றிவிடும், தொட்டுத் தொட்டு எழுப்பினால் குழந்தை சோர்ந்துவிடும் என்பது டாக்டர்களின் கவலை. அந்தக் கவலையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை மாற்றிக் காட்டியது ஒரு ஏழை ஊர்.

பெட்டி இல்லாத ஊரில் பிறந்த வைத்தியம்

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு. தலைநகர் பொகோட்டா. அங்கே ஏழைத் தாய்மார்கள் பிரசவத்துக்கு வருகிற தாய்-சேய் மருத்துவமனை ஒன்று. 1978-ல் அங்கே குழந்தை மருத்துவராக இருந்தவர் எட்கர் ரே சனாப்ரியா. இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று குழந்தைகளைச் சேர்த்துப் படுக்க வைக்கவேண்டிய நிலை. ஒன்றின் கிருமி இன்னொன்றுக்குத் தொற்றும். இது போதாதென்று இன்னொரு கொடுமை: வாரக்கணக்கில் குழந்தையைத் தொடாமலே இருந்த தாய்மார்களில் சிலர், அதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ரே யோசித்தார். கங்காருக் குட்டி பிறக்கும்போது சுமார் ஒரு கிராம் எடைதான். மொச்சைக் கொட்டை அளவு. கண்ணும் திறக்கவில்லை, காதும் கேட்காது. ஊர்ந்து ஊர்ந்து தாயின் வயிற்றுப் பைக்குள் போய், முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு, மாதக்கணக்கில் அங்கேயே வளர்கிறது. கங்காருவைப் பொறுத்தவரை எல்லாப் பிரசவமும் குறைப்பிரசவம்தான். அதற்குக் கண்ணாடிப் பெட்டி எங்கே?

நிலை கொஞ்சம் சீரான குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில், இரண்டு மார்பகங்களுக்கு நடுவே, நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். ராத்திரி பகலாக. தாய்ப்பால் மட்டும். மறு வருஷம் ஹெக்டர் மார்ட்டினஸ் என்ற டாக்டரும் சேர்ந்துகொண்டார். தாய்மார்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போவது குறைந்தது. ஆரம்பத்தில் பணக்கார நாட்டு டாக்டர்கள், 'பெட்டி வாங்க வழியில்லாதவர்களின் ஏற்பாடு' என்றுதான் இதை நினைத்தார்கள். இன்று அந்த நாடுகளிலும், இன்குபேட்டர்கள் வரிசையாக இருக்கிற ஆஸ்பத்திரிகளிலேயே, பெட்டிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைக்கிறார்கள்.

'கங்காரு தாய் முறை' என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்கிறார்களே, அது இதுதான்.

எலிக்குட்டியும் தூரிகையும்

தொடுவதால் மனசுக்கு இதம் என்பது யாருக்கும் தெரியும். எடை எப்படிக் கூடும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பர்க் என்ற விஞ்ஞானி, எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பார்த்தார். சூடு குறையாமல் வைத்தும், குட்டிகளின் வளர்ச்சி ஹார்மோன் சரிந்தது. உடம்பில் செல்கள் பெருகுவதற்கு வேண்டிய ஒரு நொதியும் குறைந்தது. அதாவது, தாய் இல்லை என்றதும் உடம்பு வளர்ச்சியை நிறுத்தி வைத்துச் சேமிப்பில் இறங்கிவிட்டது. ஒரு தூரிகையை ஈரமாக்கி, தாய் எலி நாக்கால் நக்குவது மாதிரியே அழுத்தமாக வருடிக் கொடுத்தார்கள். குறைந்ததெல்லாம் பழையபடி ஏறிவிட்டது!

இதை மனிதக் குழந்தையிடம் சோதித்துப் பார்த்தவர் மியாமியைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்ட் என்ற பெண்மணி. 1986-ல் அவரும் ஷான்பர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில் 40 குறைமாதக் குழந்தைகள். பாதிப் பேருக்கு ஒரு தடவைக்கு 15 நிமிஷம், நாளுக்கு மூன்று தடவை, பத்து நாள், வருடலும் கை கால்களை மெல்ல மடக்கி நீட்டுவதும். இரண்டு பிரிவுக்கும் பால் ஒரே அளவுதான். ஆனால் வருடப்பட்ட குழந்தைகளுக்குத் தினசரி எடை 47 சதவிகிதம் அதிகமாக ஏறியது. ஆறு நாள் முன்பாகவே வீட்டுக்குப் போனார்கள்.

எப்படி? வயிறு, இதயம் எல்லாவற்றையும் இணைக்கிற வேகஸ் என்ற நரம்பு இருக்கிறது. சரியான அழுத்தத்தில் தோலைத் தொடும்போது அது சுறுசுறுப்பாகிறது. இரைப்பை நன்றாக இயங்குகிறது. இன்சுலினும் அதைச் சார்ந்த வளர்ச்சிச் சத்தும் கூடுகிறது. குடித்த பால் உடம்பில் ஒட்டுகிறது. 'பால் குடிக்குது, உடம்புல ஒட்டலையே' என்று நம் வீட்டில் சொல்வோமே, அந்த 'ஒட்டுவது'தான் இது.

ஒன்றைக் கவனியுங்கள். பூப்போல மெல்லத் தடவியபோது குழந்தைகளுக்கு அது கூசியது, நெளிந்தன. கொஞ்சம் அழுத்தமான தொடுதல்தான் பலன் கொடுத்தது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நாற்பது குழந்தை என்பது சின்னக் கணக்கு. பிறகு வந்த ஆராய்ச்சிகளில் எடை கூடியது உண்மை, ஆனால் வித்தியாசம் இத்தனை பெரிதாக எப்போதும் இல்லை. அந்தக் குழந்தைகளைத் தொட்டவர்களும் பயிற்சி பெற்றவர்கள். '47 சதவிகிதம்' என்று பத்திரிகையில் படித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்காதீர்கள்!

பெரிய கணக்கு வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஒரு சோதனையைத் தொடங்கியது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என்று ஐந்து நாடுகளில் ஐந்து ஆஸ்பத்திரிகள். நம் நாட்டில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பாதியைப் பிறந்த சிறிது நேரத்திலேயே தாயின் மார்பில் வைத்தார்கள், நாளுக்குச் சுமார் 17 மணி நேரம். அதற்காக அம்மாவின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். மறு பாதியைப் பழைய முறைப்படி பெட்டியில் வைத்து, நிலை சீரான பிறகு அம்மாவிடம் கொடுத்தார்கள். முதல் 28 நாளில் பழைய முறையில் இறந்தவர்கள் 15.7 சதவிகிதம். உடனே மார்பில் வைத்த குழந்தைகளில் 12 சதவிகிதம். நாலில் ஒரு சாவு தடுக்கப்பட்டது! பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றக் குழந்தைகளுக்கு மறுப்பது தவறு என்று 2020 ஜனவரியில் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது: குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்ததிலிருந்தே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் தோலோடு தோல் அணைப்பு. தானாக மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் இருப்பது, ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருப்பது போன்ற ஆபத்துகள் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

பொகோட்டாவில் 1990-களில் இந்த முறையில் வளர்ந்த குழந்தைகளை இருபது வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தார் நதாலி சர்பாக் என்ற டாக்டர். பெட்டியில் வளர்ந்தவர்களைவிட இவர்களிடம் துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு. பள்ளிக்கு மட்டம் போட்டதும் குறைவு. பல குடும்பங்களில் பெற்றோரின் அரவணைப்பும் அதிகமாக இருந்தது.

நான் செய்த தப்பு

இப்போது சொல்கிறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, தனியாக வைத்தியசாலை வைத்து நாலைந்து வருஷம் இருக்கும். தெரிந்த ஆச்சி ஒருவர் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் மாதம் முழுசாக ஆகாமலே பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள். எடை 1 கிலோ 800.

"உடம்பு தேறவே மாட்டேங்குது தம்பி. எண்ணெய் தேச்சு ஊத்தலாமா?"

"தாராளமா ஊத்துங்க ஆச்சி. தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்ங்க. பிள்ளை உரம் ஏறிடும்" என்றேன். வாகடம் படித்த தெம்பு!

ஆச்சி முறைப்படி செய்தார். காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, தேய்த்து, உருவி, கை காலைக் குறுக்கே இழுத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி... கார்த்திகை மாதக் குளிர் வேறு. சாயங்காலம் பிள்ளை பால் குடிக்கவில்லை. கால் ஜில்லிட்டுப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒன்பது நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். பிழைத்தான். ஆச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என்ன நடந்தது? குழந்தையின் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்வதும், உடம்புக்குச் சூடு தருகிற பழுப்புக் கொழுப்பு சேர்வதும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். அந்த வாரங்களை இழந்த பிள்ளைக்குக் கம்பளி இல்லை, அடுப்பும் இல்லை. எடைக்குப் பொருத்தமில்லாமல் தோலின் பரப்பு மட்டும் அதிகம். துணியைக் கழற்றி, ஈரப்படுத்தி, கால் மணி நேரம் வைத்திருந்தாலே உடம்புச் சூடு ஓடிப்போய்விடும். இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் சூட்டுக்காகவே எரித்துவிட்டுச் சோர்ந்துபோகும். தோலும் முற்றாத தோல். அழுத்தித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாமல் உரியும். அந்த வழியாகக் கிருமி போகும்.

எங்கள் புற மருத்துவத்தில் 'தொக்கணம்' என்று ஒரு முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பெரியவர்களுக்கு வாத நோய்களில் நன்றாக வேலை செய்கிற வைத்தியம். தொடுவது என்றாலே இப்படி ஏதாவது செய்வது என்றுதான் என் மனசில் பதிந்திருந்தது. சும்மா வைத்துக்கொள்வதும் வைத்தியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது, பேத்தியை என் மார்பில் கட்டிய அந்த நர்ஸ்தான். குறைமாதப் பிள்ளைக்கு ஒன்பதில் 'பிடித்தல்' மட்டும் போதும். அதுவும் தொக்கணத்துப் பிடித்தல் அல்ல, அசையாமல் அணைத்துப் பிடித்தல்.

எப்படிப் பிடிப்பது?

டாக்டர் அனுமதித்த பிறகுதான், முதல் சில தடவை நர்ஸ் உதவியோடுதான் ஆரம்பிக்கவேண்டும். அம்மா குளித்து, நகைகளைக் கழற்றி, சென்ட், பவுடர் எதுவும் பூசாமல் இருக்கட்டும். (பிள்ளைக்கு அம்மா வாசனைதான் வேண்டும், ரோஜா வாசனை இல்லை!) பாதி சாய்ந்து உட்காரவேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. முன்பக்கம் திறக்கிற ரவிக்கையோ நைட்டியோ வசதி.

பிள்ளையை மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்புங்கள். முகவாய் நெஞ்சில் புதையக் கூடாது, கழுத்து பின்னால் தொங்கவும் கூடாது. மூச்சுக்குழாய் மிருதுவானது, மடங்கினால் அடைத்துவிடும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். காலைத் தவளை மாதிரி மடக்கி விரித்து வையுங்கள். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வரட்டும். நெஞ்சுப் பக்கம் இறுக்கமாக, வயிற்றுப் பக்கம் தளர்வாக இருந்தால் மூச்சுவிட வசதி. ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். எடுப்பதும் வைப்பதும்தான் குழந்தைக்கு அலைச்சல். நீங்கள் கண்ணயர்ந்தால் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். போனை அந்த நேரம் தூர வையுங்கள்.

அம்மாவின் மார்பு ஓர் அதிசய அடுப்பு. குழந்தை குளிர்ந்தால் மார்பின் சூடு ஏறும், குழந்தைக்கு வெப்பம் கூடினால் தணியும். எந்தப் பெட்டிக்காரன் செய்த தெர்மாஸ்டாட்டும் பால் சுரந்து தராது; இது தரும். குழந்தையின் தோல் பட்டதும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஊறி, பால் இறங்குகிறது. "ரெண்டு சொட்டுகூட வரலை" என்று அழுத எத்தனையோ பெண்களுக்கு இதனாலேயே பால் கட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

சிசேரியன் ஆன அம்மாவும் வைத்துக்கொள்ளலாம். அப்பா வைத்துக்கொள்ளலாம், பாட்டி வைத்துக்கொள்ளலாம். மீசை வைத்த தாத்தாவும் வைத்துக்கொள்ளலாம்! சளி, காய்ச்சல், தோல் வியாதி இருப்பவர்கள் மட்டும் விலகி இருங்கள்.

மார்பில் வைக்க முடியாத நிலையில் குழந்தை பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா? அப்போதும் வழி இருக்கிறது. நர்ஸிடம் கேட்டு, கழுவி உலர்த்திய, சூடான கையை உள்ளே விடுங்கள். ஒரு கை தலையைக் கவிந்தபடி, ஒரு கை மடங்கிய கால்களைத் தாங்கியபடி. அசைக்க வேண்டாம், தட்ட வேண்டாம், தடவ வேண்டாம். கர்ப்பப்பையின் சுவரை உங்கள் கை திரும்பக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் எடுக்கும்போது இப்படிப் பிடித்தால் வலிகூடக் குறைகிறது. குழந்தை விரல்களை அகல விரித்து 'நிறுத்து' என்பதுபோலக் கையை நீட்டினால், விக்கல், கொட்டாவி, தும்மல் அடுத்தடுத்து வந்தால், நிறம் மாறினால், போதும் என்கிறது. கையை மெல்ல எடுத்துவிடுங்கள். விரலை வாய்க்குக் கொண்டுபோய், நெற்றிச் சுருக்கம் விட்டுத் தூங்கினால், பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்த பிறகும் 2.5 கிலோ எட்டும் வரை, அல்லது பிள்ளையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும் வரை இதைத் தொடருங்கள். பாதம் ஜில்லிட்டால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உதடு நீலம் பாரித்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகத் தெரிந்தால் வைத்தியரைத் தேடாதீர்கள். குழந்தை டாக்டரிடம் ஓடுங்கள். போகிற வழியிலும் நெஞ்சோடு அணைத்தபடியே போங்கள்.

உரை மருந்து? சித்த வைத்தியனாகவே சொல்கிறேன், குறைமாதப் பிள்ளைக்கு வேண்டாம். வசம்பு, ஜாதிக்காய் எதையும் நாக்கில் தடவாதீர்கள். தாய்ப்பாலும், டாக்டர் எழுதிய சொட்டு மருந்தும் போதும். மூக்கில் காதில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, மார்க்காம்பைப் பிதுக்குவது, சாம்பிராணிப் புகை எல்லாவற்றுக்கும் முழுக்குப் போடுங்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஒரு சேதி உண்டு. வங்காளதேசத்தில் டாக்கா குழந்தைகள் ஆஸ்பத்திரியில், 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மெல்லப் பூசியபோது கிருமித் தொற்று 41 சதவிகிதம் குறைந்தது. பூசியது எண்ணெய், தேய்க்கவில்லை. செய்தது ஆஸ்பத்திரி நர்ஸ். வடநாட்டுப் பழக்கமான கடுகு எண்ணெயோ தோலின் காப்பைக் கெடுக்கக்கூடியது என்று எலிகளிடம் செய்த சோதனையில் தெரிந்தது. ஆகவே எந்த எண்ணெய், எப்போது என்று உங்கள் குழந்தை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. 'ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது' என்று ஒரு சொலவடை எல்லா ஊரிலும் நடமாடுகிறது. என் வீட்டிலேயே ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதைச் சொல்ல, என் மனைவி முறைத்த முறைப்பில் அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார். சுத்தப் பொய். ஒவ்வொரு வாரம் கூடக்கூடப் பிழைக்கிற வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொல்லித் தாயின் மனசை உடைக்காதீர்கள். இந்தியாவில் 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமில்லை இது.

பேத்தியை என் மகள் முதன்முதலாக மார்பில் வாங்கியது நாலாம் நாள். சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வந்தார்கள். கையில் டிரிப்ஸ் ஊசி. "எனக்குப் பயமா இருக்குப்பா, ஏதாவது ஆயிடுமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அந்த நர்ஸ் பிள்ளையை வைத்துக் கட்டிவிட்டார். ஒன்றிரண்டு நிமிஷம் மகள் மூச்சே விடவில்லை, நான் அன்று இருந்த மாதிரியே. அப்புறம் குனிந்து குல்லாவை மோந்து பார்த்தாள்.

34 நாள் ஆஸ்பத்திரி. 1 கிலோ 900-ல் வீட்டுக்கு வந்தோம். வீட்டில் இன்னும் ஆறு வாரம் ஆள் மாற்றி ஆள் அணைத்துக்கொண்டே இருந்தோம். அதற்குள் மாப்பிள்ளை பெரிய நிபுணராகிவிட்டார், எனக்கே கட்டு சரியில்லை என்று திருத்துவார். மூன்று கிலோ தாண்டி, குழந்தை டாக்டரும் சரி என்ற பிறகு, சம்பந்தியம்மா கேட்டார்: "இப்பவாச்சும் எண்ணெய் தேய்க்கலாமா வைத்தியரே?" கதவை, ஜன்னலை அடைத்து, மத்தியான வெயில் நேரத்தில், தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடேற்றி, முதுகில் மேலிருந்து கீழாக மெல்ல நீவிவிடச் சொன்னேன். இழுப்பு, முறுக்கு, உருவல் கிடையாது. பிள்ளை முகம் சுளித்தால் நிறுத்திவிடவேண்டும். சம்பந்தியம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். பேத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். குளிப்பாட்டுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டோம்.